24 சதவீதக் கணக்கின் மூலத்தாள்கள்: வாசகர் கேள்வி பதில்

பொருளாதார வரலாற்றாளர் ஆங்கஸ் மேடிசன் தன் ஆய்வுக் கட்டுரைகளையும் கணக்கு அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி விட்டுப்போனதைப் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: "வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் உலக உற்பத்தியில் கால்வாசி இந்தியாவுடையது, அவன் போகும்போது வெறும் 4 சதவீதம்" என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அடிக்கடி வருகிறது. இது நிஜமா? யார் போட்ட கணக்கு? (தஞ்சாவூர்)

இது மேடிசன் போட்ட கணக்குதான். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர், ஓஇசிடி என்ற வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பில் நெடுநாள் வேலை பார்த்தவர், அப்புறம் நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 2010இல் காலமானார். 2001இல் வந்த அவருடைய உலகப் பொருளாதாரம் பற்றிய நூலிலிருந்துதான் கால்வாசி என்று சொல்லப்படும் இந்த 24 சதவீதம் உலகம் முழுக்கப் பரவியது. எண் சரியாகத்தான் எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த எண் எந்த அட்டவணையிலிருந்து வந்ததோ அந்த அட்டவணையைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை, எனக்கு இதில் உள்ள வருத்தம் அதுதான், ஏனென்றால் பார்த்தால் கதை இன்னும் ஆழமாகப் புரியும்.

அட்டவணை சொல்வது இது. 1700இல் இந்தியாவின் மக்கள்தொகை 16.5 கோடி. தலைக்கு ஆண்டு வருமானம் 550 டாலர். இந்த டாலர் 1990ஆம் ஆண்டின் விலைமட்டத்தில், நாட்டுக்கு நாடு வாங்கும் சக்தியைச் சரிசெய்து எடுத்த ஒரு கணக்கு அலகு, கையில் பிடிக்கும் டாலர் இல்லை. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 9,100 கோடி டாலர் வருகிறது. அதே ஆண்டு உலகம் முழுவதற்கும் அவர் போட்ட தொகை சுமார் 37,100 கோடி. வகுத்தால் 24.4 சதவீதம். அவ்வளவுதான்.

இப்போது பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். 1700இல் உலக மக்கள்தொகை சுமார் 60 கோடி. அதில் 16.5 கோடி என்றால் 27 சதவீதத்துக்கும் மேல். அதாவது உலக மக்களில் நூற்றுக்கு 27 பேர் இங்கே இருந்தார்கள், உலக உற்பத்தியில் நூற்றுக்கு 24 பங்கு இங்கே இருந்தது. உலக சராசரி வருமானம் 615 டாலர், நம்முடையது 550. அதே அட்டவணையில் அன்றைய பிரிட்டனுக்கு 1,250, நெதர்லாந்துக்கு 2,130. ஆக, மேடிசன் கணக்குப்படி 1700இல் இந்தியா பெரிய பொருளாதாரம், ஆனால் இங்கே வாழ்ந்த சராசரி மனிதர் உலக சராசரிக்குக் கொஞ்சம் கீழே. 24ஐ மட்டும் மேற்கோள் காட்டும்போது இந்த இரண்டாவது பாதி காணாமல் போகிறது.

இன்னொன்று. 1700க்கான இந்தியா என்பது இன்றைய பாகிஸ்தான், வங்கதேசம் சேர்ந்தது. 1950க்கான 4.2 சதவீதம் என்பது பிரிவினைக்குப் பிந்தைய இந்தியா மட்டும். மூன்றையும் கூட்டினால் 1950இல் 5 சதவீதம் சொச்சம் வரும். வீழ்ச்சி வீழ்ச்சிதான், அதில் மாற்றமில்லை, ஆனாலும் ஒரே நிலப்பரப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

பங்கு ஏன் சரிந்தது என்பதற்கும் அதே தாளில் விடை இருக்கிறது. 1700இல் 550 ஆக இருந்த நம் தலா வருமானம் 1950இல் 619. இரண்டரை நூற்றாண்டில் ஏறியது இவ்வளவுதான். உலக சராசரியோ 615இலிருந்து 2,100ஐத் தாண்டிப் போய்விட்டது. காலனி ஆட்சியைப் பற்றி இதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகை எனக்குத் தெரிந்து இல்லை. உலகம் ஓடிய காலம் முழுக்க இங்கே கோடிக்கணக்கானவர்கள் நின்ற இடத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 24, 4 என்ற இரண்டு எண்களைவிட 550, 619 என்ற இரண்டு எண்களைத்தான் உங்கள் குழுவில் போட வேண்டும் என்பேன்.

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். மேடிசன் அட்டவணையில் 1500, 1600, 1700 மூன்றுக்கும் இந்தியாவுக்கு 550 என்றே இருக்கிறது. இருநூறு வருடம் ஒரு நாடு அப்படியே இருக்குமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லாத காலத்துக்கு எப்படி எண் போட்டார்? (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்வியைப் படித்ததும் ரொம்ப சந்தோஷப்பட்டேன். அட்டவணையைத் திறந்து பார்த்தவர் மட்டும்தான் இதைக் கேட்க முடியும்.

மூன்று முறை ஒரே முழு எண் வருகிறது என்றால் அது அளந்த எண் இல்லை, மதிப்பீடு. மேடிசன் அதை மறைக்கவும் இல்லை. உயிர்பிழைக்கத் தேவையான அடிமட்ட வருமானம் சுமார் 400 டாலர் என்று வைத்துக்கொண்டு, முகலாய அரசவை, ஜமீன்தார்கள், நகரக் கைவினைஞர்கள் எல்லாரையும் தாங்கிய ஒரு நாடு அதற்கு மேல் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்து வந்த எண் அது. 1971இலேயே முகலாயர் காலம் தொட்டு இந்தியா, பாகிஸ்தானின் வர்க்க அமைப்பையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றித் தனி நூல் எழுதியவர், திடீரென்று ஒரு நாள் உட்கார்ந்து ஊகித்தவர் அல்ல.

மக்கள்தொகை விஷயம் இன்னும் சுவாரசியம். இங்கே முதல் கணக்கெடுப்பு 1871-72. அதற்கு முந்தைய எல்லாமே பின்னோக்கிப் போட்ட மதிப்பீடுகள். 1600ஐ ஒட்டிய காலத்துக்கு வரலாற்றாளர் டபிள்யூ. எச். மோர்லேண்ட் 10 கோடி என்றார், மக்கள்தொகை ஆய்வாளர் கிங்ஸ்லி டேவிஸ் 12.5 கோடி என்றார், மேடிசன் 13.5 கோடியை எடுத்துக்கொண்டார். 10க்கும் 13.5க்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். மேலே சொன்ன பெருக்கலில் ஒரு பக்கம் மூன்றில் ஒரு பங்கு மாறினால் விடையும் அதே அளவு மாறும்.

இவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்த மூல ஆவணம் ஒன்று உண்டு, அபுல் ஃபசல் எழுதிய ஐன்-இ-அக்பரி. அக்பர் ஆட்சியின் கடைசி வருடங்களில் மாகாணவாரியாக நில அளவு, வரி, பயிர் விலை, கூலி என்று எழுதிவைத்த நிர்வாக ஏடு. அதை வைத்து 1972இல் அசோக் தேசாய், அக்பர் காலத்துக் கூலிக்காரரின் வாங்கும் சக்தி 1960களின் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகம் என்று எழுதினார். 1977இல் ஆலன் ஹெஸ்டன் மறுத்தார். இருவருக்கும் கையில் இருந்தது அதே ஏடுதான். தேர்வுக்குப் படிப்பதை ஒரு வாரம் ஒத்திவைத்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசித்துவிடுங்கள்.

550ஐத் தாண்டி இப்போது வேறு வேலையும் நடந்திருக்கிறது. ஸ்டீபன் பிராட்பெரி, யோஹான் கஸ்டோடிஸ், பிஷ்ணுப்ரியா குப்தா மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 1600 முதல் 1871 வரை இந்தியாவின் தலா உற்பத்தியைத் துறைதுறையாகக் கட்டினார்கள். பயிர், துணி, ஏற்றுமதி, கூலி என்று தனித்தனி ஆவணங்களிலிருந்து எடுத்த எண்கள். 1600இல் பிரிட்டனின் தலா உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 1871இல் 15 சதவீதத்துக்கும் கீழே வந்தது என்பது அவர்களின் முடிவு. சரிவு, கம்பெனி ஆட்சிக்கு வழிவிட்ட 1757 பிளாசிப் போருக்கு முன்பே தொடங்கியது என்றும் சொல்கிறார்கள். இதையும் எல்லோரும் ஏற்கவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், அந்த இருநூறு வருடம் தட்டையாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். ஒரு பைசா இடித்தாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள். குத்துமதிப்பு எண்ணை அட்டவணையில் போட்டு, அதையே உலகம் மேற்கோள் காட்டும்படி விட்டது அந்தப் பேராசிரியரின் தவறு இல்லையா? (மதுரை)

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

மதிப்பீடு போடுவது வரலாற்றாளரின் வேலையில் ஒரு பகுதி. தாதாபாய் நவ்ரோஜி 1867-68க்கு இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று போட்டது என்ன? அரசின் நிர்வாக அறிக்கைகளில் கிடைத்த பயிர் அளவுகளை வைத்துக்கொண்டு, கிடைக்காதவற்றுக்கு ஒரு நியாயமான தொகையைச் சேர்த்துப் போட்ட மதிப்பீடுதான். அதை அவர் போடாமல் இருந்திருந்தால் வறுமை பற்றிய வாதமே எண்ணில்லாமல் நடந்திருக்கும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் எப்படிக் கணக்குப் போட்டேன் என்று விரித்து எழுதியிருந்ததால்தான் எதிர்த்தவர்களும் அவருடைய வழியிலேயே நடந்துபோய் எதிர்க்க வேண்டியிருந்தது.

மேடிசனும் அதைத்தான் செய்தார். எந்த எண் எந்த நூலிலிருந்து, எது தன் ஊகம், எது இடைவெளியை நிரப்பியது என்று பின்னிணைப்புகளில் எழுதினார். கணினி அட்டவணைகளைப் பூட்டி வைக்காமல் பொதுவில் போட்டார். அதனால்தான் அவர் மறைந்த அதே 2010இல் சக ஆய்வாளர்கள் மேடிசன் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி அவர் எண்களைத் திருத்த முடிந்தது. 2013, 2018, 2020, 2023 என்று புதுப் பதிப்புகள் வந்திருக்கின்றன. அவருடைய பழைய அட்டவணைகளும் அழிக்கப்படாமல் க்ரோனிங்கனிலேயே கிடைக்கின்றன. திருத்தியதும் இருக்க வேண்டும், திருத்தப்பட்டதும் இருக்க வேண்டும். பழைய பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத எந்த வங்கியிலும் விடமாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும்.

அட்டவணை வெளியே வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசுக் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியில், 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. பல நாடுகளில் அரசுச் செலவை வெட்டச் சொன்னவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. எழுதிக் கேட்டதும் அவர்கள் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் சராசரி எடுத்த சூத்திரத்தில் ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகளின் வரிசை விட்டுப்போயிருந்தது. அது ஒன்றே பெரிய மாற்றத்தைத் தரவில்லை, சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும் நாடுகளுக்குத் தந்த எடையும் சேர்ந்துதான் விடையை இழுத்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றிப் போட்டபோது ஹெர்ண்டனுக்கும் அவருடைய பேராசிரியர்களுக்கும் வந்தது பிளஸ் 2.2. சூத்திரப் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், மற்றவற்றில் வாதாடினார்கள். கோப்பைக் கேட்டதும் கொடுத்தார்களே, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டுரை வந்த அன்றே கோப்பும் வந்திருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும், அந்த மூன்று வருடத்தில்தான் கிரீஸிலும் ஸ்பெயினிலும் செலவுவெட்டு பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்டன.

கேள்வி: 45 லட்சம் கோடி டாலர் பிரிட்டன் கொள்ளையடித்தது என்கிறார்களே, அதுவும் மேடிசன் கணக்கா? (பெங்களூர்)

இல்லை, பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக் அவர்களின் கணக்கு. 1765 முதல் 1938 வரை நம் ஏற்றுமதி உபரி இங்கே திரும்பாமல் போனதை எடுத்து, அதன்மேல் 5 சதவீதக் கூட்டுவட்டி போட்டு இன்றைக்குக் கொண்டுவந்த தொகை. 5 சதவீதத்தில் பணம் ஏறக்குறைய 14 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஆகவே அந்தப் பெரிய தொகையில் மிகப் பெரும் பகுதி வட்டி. செல்வம் வெளியேறியது உண்மை, நவ்ரோஜி காலத்திலிருந்து ஆவணத்தோடு பேசப்படுவது. தொகையைச் சொல்லும்போது வட்டி விகிதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்பவருக்கு அது உரிமை.

கேள்வி: இதெல்லாம் தில்லி, ஆக்ரா, லண்டன் ஆவணங்களாகவே இருக்கின்றனவே. தமிழ்நாட்டு ஆவணங்களை வைத்து யாராவது இந்த விவாதத்தில் பேசியிருக்கிறார்களா? (திருநெல்வேலி)

பேசியிருக்கிறார்கள், அதுவும் நடு மேடையில் நின்று. வரலாற்றாளர் பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விவாதத்தையே கிளப்பிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளரின் கூலியைப் பணமாகப் பார்த்தால் இங்கிலாந்தைவிட ரொம்பக் குறைவு, ஆனால் அந்தக் கூலியில் எவ்வளவு தானியம் வாங்கலாம் என்று பார்த்தால் பிரிட்டிஷ் தொழிலாளிக்கு அவர் சளைத்தவர் இல்லை என்று அவர் வாதிட்டார். பிராட்பெரியும் குப்தாவும் 2006இல் அதை எதிர்த்து எழுதினார்கள். இந்தக் காலத்து நெசவாளரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பதிவேடுகளில் இருக்கின்றன. அதே பதிவேடுகளின் பெரும் தொகுதி இன்று எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தர்மா குமார் 1965இல் சென்னை மாகாணத்து விவசாயக் கூலிகளைப் பற்றி எழுதிய நூலும் இந்த வருவாய்த்துறை ஆவணங்களில் ஊறியதுதான். நிலமற்ற கூலிகளை ஆங்கிலேயர்தான் உருவாக்கினார்கள் என்று அப்போது நம்பப்பட்டதை அவர் மறுத்தார், சாதியால் நிலம் மறுக்கப்பட்டவர்கள் அதற்கு முன்பே பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள் என்று காட்டினார். சங்கடமான உண்மைதான். ஆனால் அந்த உழைப்பாளிகள் வரலாற்றில் தெரியத் தொடங்கியது அந்தப் பழைய தாள்களை ஒருவர் பொறுமையாகப் புரட்டியதால்.

நீங்கள் அங்கே போய்ப் பார்ப்பதாக இருந்தால் அளவுகளில் கவனம். சென்னை மணங்கு ஏறக்குறைய 11 கிலோ, 8 வீசை. வங்காளத்து மணங்கு 37 கிலோ. ஆங்கிலப் பதிவில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். இதில் தவறினால் ஒரு மாவட்டத்தின் விளைச்சலே மூன்று மடங்காகிவிடும். வராகன், பணம், காசு என்று பழைய நாணயப் பெயர்கள் வரும் இடங்களில் அந்த ஆண்டு ஒரு வராகனுக்கு எத்தனை பணம் என்பதைத் தனியாகத் தேடி எழுதிக்கொள்ள வேண்டும், அது மாறிக்கொண்டே இருந்தது.

கேள்வி: எங்கள் தாத்தா பர்மாவில் கொண்டுவிக்கும் தொழில், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், செய்தவர். அவருடைய பேரேடுகள், சிட்டைகள், கடிதங்கள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. வீட்டை விற்கப் போகிறோம். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். இவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? (காரைக்குடி பக்கம்)

தயவுசெய்து போடாதீர்கள். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் போட்டுவிடப் போகிறீர்களே என்ற பயத்தில் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

இத்தாலியில் ப்ராட்டோ என்ற ஊரில் ஃபிரான்செஸ்கோ தாத்தினி என்று ஒரு வியாபாரி, 1410இல் இறந்தவர். ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. அவருடைய கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் வீட்டிலேயே கிடந்து, 1870இல் படிக்கட்டை ஒட்டிய ஓர் அடைபட்ட இடத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டன. சுமார் 1,50,000 கடிதங்கள், 500க்கு மேல் கணக்குப் புத்தகங்கள். ஃபெடெரிகோ மெலிஸ் போன்ற பொருளாதார வரலாற்றாளர்கள் வாழ்நாளையே அவற்றோடு கழித்தார்கள். இடைக்கால ஐரோப்பிய வியாபாரம் எப்படி நடந்தது, கடன் எப்படிச் சுழன்றது, கம்பளி என்ன விலை என்பதில் இன்றைக்கு நாம் அறிந்ததில் பெரும் பங்கு அந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது.

நகரத்தார் கடன் தொழில் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்தையே தாங்கி நின்றது. அதைப் பற்றி ஆங்கிலேய அரசின் விசாரணை அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. கடன் கொடுத்தவர்கள் தமிழில் எழுதிய கணக்குகள் ஆய்வாளர் கைக்கு வந்தது மிகக் குறைவு. உங்கள் பெட்டியில் இருப்பது அந்தப் பக்கத்துக் கதை. யாருக்கு என்ன வட்டி, எந்த அறுவடையில் திரும்பியது, 1930களின் விலை வீழ்ச்சியில் எந்த நிலம் கைக்கு வந்தது, ஜப்பான் படையெடுத்த 1942இல் கடைசியாக என்ன எழுதப்பட்டது என்றெல்லாம் அதில் இருக்கலாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் பெட்டியில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் மேலிருந்து படம் எடுத்துவிடுங்கள், கைபேசியே போதும். ஆண்டு வாரியாக அடுக்குகிறேன் என்று கலைத்துவிடாதீர்கள், எந்தக் கடிதம் எந்தப் பேரேட்டுக்குள் செருகியிருந்தது என்பதும் ஒரு தகவல். லேமினேட் செய்யக் கூடாது, ஒட்டும் டேப் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது. பிறகு வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் உட்கார்த்தி வைத்து, தாத்தா எந்த ஊரில் கடை வைத்திருந்தார், கூட்டாளி யார், எந்த வருடம் திரும்பினார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். படிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள், தமிழ் எண்களும் வீசம், மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்களும்தான் தடையாக இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கே கொடுப்பது என்றால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் பிறந்த நூலகம் அது, முக்கியமாக அச்சு நூல்களும் பத்திரிகைகளும் காப்பவர்கள், ஆனால் உங்களிடம் இருப்பதை எப்படிக் கையாள்வது என்று சொல்லத் தெரிந்தவர்கள். ஒரு வேளை மூலத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் படமெடுக்க மட்டும் அனுமதியுங்கள். பழைய கடன்காரர்களின் வாரிசுகள் பெயர் வெளியே வருமோ என்று தயங்கினால், இத்தனை வருடத்துக்குப் பொதுப்பார்வைக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம், ஆவணக் காப்பகங்களில் அது வழக்கம்தான்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். மேடிசனின் அட்டவணையைப் பார்க்க ஆசை. பணம் கட்ட வேண்டுமா, புரியுமா? (நெய்வேலி)

பணம் வேண்டாம். க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் இலவசமாகவே தருகிறது. புதிய பதிப்பில் டாலர் 2011 விலைமட்டத்துக்கு மாறிவிட்டது, அதனால் பழைய தாளின் 550ஐயும் புதிய தாளின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுவிடாதே. முதலில் பழைய தாளை எடு, ஒரு நாட்டின் மக்கள்தொகையையும் தலா வருமானத்தையும் பெருக்கிப் பார், அவர் எழுதிய மொத்தம் வருகிறதா என்று சரிபார். வந்ததும் அடுத்த நாட்டுக்குப் போ. சந்தேகம் வந்த கட்டம் எது என்று எனக்கு எழுது, அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்கிறேன்.